அம்மாவின் குரலுக்கு ஓர் ஒலிவாங்கி

எழுத்துகளின் பிறப்பினை விளக்கத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் ஒரு தனி இயலே வகுத்துள்ளார். ஆண்டுதோறும் வகுப்பறையில் அதனைக் கற்பித்துவரும் நான், பிறந்த ஒலியைக் காப்பது எங்ஙனம் என்று நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது ஓர் இழப்பு.

என் நன்னி தாலாட்டுகளையும் முனாஜாத்துகளையும் ஏடு பாராமல் பாடுவார். 1992ஆம் ஆண்டில், நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, அவற்றுள் சிலவற்றை அத்தா டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார். இருவரும் மறைந்தபின் அந்த ஒலிநாடாவைத் தேடி எடுத்தேன். பூஞ்சை படிந்திருந்தது. ஓடவிட்டபோது இரைச்சலின் அடியில் ஒரு குரல் கேட்டது. சொல் ஒன்றும் விளங்கவில்லை. அப்பாடல்களை அறிந்தவர் எங்கள் குடும்பத்தில் இன்று அம்மா ஒருவரே. அகவை எழுபத்தாறு. அவர் குரலும் மெலிந்து வருகிறது.

பதினைந்தாயிரம் ரூபாயை எல்லையாக வைத்துக்கொண்டு ஒலிவாங்கி தேடப் புறப்பட்டேன். மலிவு கருதி, உறையில் 'கண்டன்சர்' என்று அச்சிட்டிருந்த ஒன்றை முதலில் வாங்கினேன். கணினியில் நேரே செருகியதும் அம்மாவின் குரலை விஞ்சி அதன் இரைச்சலே ஒலித்தது. வாங்கிய பிறகுதான் படிக்கத் தொடங்கினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

கண்டன்சர் என்பது மின்தேக்கியே. மெல்லிய சவ்வு ஒன்று, அதன் பின்னே அசையாத் தகடு ஒன்று. குரல் பட்டுச் சவ்வு அதிரும்போது இடைவெளி மாறுகிறது, அம்மாற்றமே மின்குறிப்பாகிறது. இ.சி. வென்டே என்பார் 1916இல் இதனை உருவாக்கினார். 1962இல் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்டு செஸ்லர் ஆகிய இருவரும் மின்னூட்டத்தைத் தன்னுள்ளேயே தாங்கும் எலெக்ட்ரெட் வகையைக் கண்டனர். விலை குறைய அது வழிகோலிற்று. மேடைகளில் காணும் டைனமிக் வகையில் சவ்வோடு கம்பிச்சுருளும் சேர்ந்து அசைய வேண்டும். மின்தேக்கி வகையில் அச்சுமை இல்லை. ஆதலின் மெல்லிய குரலின் மூச்சையும் அது பற்றிக்கொள்ளும்.

ஆயின் அதுவே அதன் இடரும் ஆகும். எங்கள் இல்லம் கரும்புக்கடைப் பகுதியில் உள்ளது. 2024இல் மேம்பாலம் திறக்கப்பட்ட பின்னரும் லாரிகளின் ஓசை முற்றும் ஓயவில்லை. ஒலிவாங்கிக்கு அம்மாவின் பாட்டும் லாரியின் ஓசையும் ஒன்றே.

ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் தனக்கென ஓர் இரைச்சல் அளவு உண்டு. ரோடு என்டி1-ஏ என்பதற்கு அது 5 டெசிபல். அதனினும் விலை குறைந்த ஆடியோ டெக்னிகா ஏடி2020க்கு 20 டெசிபல். அமைதியான கூடத்தில் இவ்வேறுபாடு பெரிது. எம் வீட்டிலோ நள்ளிரவிலும் அரவம் முப்பதுக்குக் குறைவதில்லை எனக் கைப்பேசிச் செயலி காட்டிற்று. வீட்டின் அரவமே ஒலிவாங்கியின் இரைச்சலை மூடிவிடுமாயின், கூடுதல் விலை எதற்கு? ஏடி2020ஐயே தேர்ந்தேன். அதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்னழுத்தத்தைத் தரும் பெஹ்ரிங்கர் யுஎம்2 என்னும் சிறு இடைமுகக் கருவியையும் வாங்கினேன்.

எஞ்சியவை வீட்டிலேயே கிடைத்தன. சுவரில் பவானி ஜமக்காளங்களைத் தொங்கவிட்டேன், எதிரொலி தணிந்தது. பகரம் ஒலிக்க இதழ் திறக்கையில் வெடித்து வரும் காற்று ஒலிவாங்கியைத் தாக்கும். பின்னல் வளையத்தில் மெல்லிய துணி கட்டி இடையில் நிறுத்தினேன். ஒரு சாண் தொலைவில் அம்மாவை அமர்த்தினேன்.

அமைதிக்கு என் செய்வது? விடை செய்தித்தாளில் இருந்தது: மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பு! அன்று மின்விசிறி இல்லை, மோட்டார் இல்லை, பக்கத்துப் பட்டறையும் இல்லை. மடிக்கணினி தன் மின்கலத்தில் இயங்கிற்று. இடைமுகக் கருவிக்கும் அதுவே மின்சாரம் ஊட்டிற்று. ஊரார் சலித்துக்கொள்ளும் நாள் எமக்கு நன்னாள் ஆயிற்று.

அம்மா ஒன்பது பாடல்கள் பாடினார். பத்தாவதன் நடுவே ஓரடி நினைவுக்கு வரவில்லை. சிறிது நேரம் உதடுகளை அசைத்துப் பார்த்தார். பிறகு, "இதை உங்க நன்னிகிட்டத்தான் கேக்கணும்" என்றார். வளையல் ஒலியோடு அவ்வாக்கும் பதிவாகியுள்ளது. அந்த அடியைத் தரவல்ல ஒலிவாங்கி எந்தக் கடையிலும் இல்லை.

மாணவச் செல்வங்களே! கிஸ்ஸா, நாமா, மசலா, படைப்போர் எனத் தேர்வுக்காக நீங்கள் மனனம் செய்யும் இலக்கிய வகைகளுள் சில உங்கள் இல்லங்களில் இன்னும் மூச்சோடு இருக்கலாம். நல்ல கருவி வாங்கும்வரை காத்திராதீர். உங்கள் கைப்பேசியில் உள்ளதும் மிகச் சிறிய மின்தேக்கி ஒலிவாங்கியே. கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அருகில் அமர்ந்து கேளுங்கள். பதிந்ததை இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். நான் முப்பது ஆண்டுகள் பிந்திவிட்டேன், நீங்கள் பிந்தாதீர்கள்.