இழையின் நிழலும் துத்தநாகத் தகடும்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ‘கதிர்வீச்சு மற்றும் பருப்பொருளின் இருமைப்பண்பு’ பாடத்தைத் தேர்வுக்காக நடத்துவது சுலபம். வெளியேற்று ஆற்றல், பயன்தொடக்க அதிர்வெண், நிறுத்து மின்னழுத்தம் என்று மூன்று வரையறை, ஐன்ஸ்டீன் சமன்பாடு, இரண்டு கணக்கு. பிள்ளைகள் எழுதிவிடுவார்கள், மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் ஒரு முகத்திலும் ‘அதெப்படி?’ என்ற கேள்வி எழாது. ஒளி துகள்களாக வருகிறது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், அப்புறம் ஆச்சரியப்பட என்ன மிச்சம்?

அதனால் நான் அலையிலிருந்துதான் தொடங்குவேன். ஒளி அலைதான், வேறெதுவும் இல்லை என்று வகுப்பு மனசார நம்ப வேண்டும். நம்பாதவனுக்கு அதிர்ச்சி கிடையாது.

எங்களுடையது திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு, ஆரணிக்குத் தெற்கே. (சென்னையில் மின்சார ரயில் நிற்கிறதே, அது வேறு.) வகுப்பில் தறி வீட்டுப் பிள்ளைகள் உண்டு. முறுக்கேற்றாத கச்சாப்பட்டில் ஒற்றை இழை கொண்டுவரச் சொன்னால் மறுநாள் ஒரு கொத்தே வந்துவிடும். ஓர் இழையை அட்டைச் சட்டத்தில் விறைப்பாக ஒட்டி, திருவிழாக் கடையில் விற்கிற சிவப்பு லேசர் பேனாவை அதன் மேல் படவிட்டு, மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவரைப் பார்க்கச் சொல்வேன். இழையின் நிழல் கறுப்புக் கோடாக விழும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். விழுவதோ நடுவில் பளிச்சென்று ஒரு புள்ளி. இருபுறமும் விட்டு விட்டுச் சிவப்புத் திட்டுகள். நடுவிலிருந்து முதல் இருட்டு இடைவெளி ஏறக்குறைய 4 சென்டிமீட்டரில் வரும். பேனாவின் அலைநீளம் 650 நானோமீட்டர். அதைத் தூரத்தால் பெருக்கி 4 சென்டிமீட்டரால் வகுத்தால் இழையின் தடிமன் 0.05 மில்லிமீட்டர்.

இங்கேதான் தறி வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கச்சாப்பட்டில் பரவலாகப் புழங்குவது 20/22 டெனியர். அதாவது 9,000 மீட்டர் இழையின் எடை 20 முதல் 22 கிராம். பட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராமை ஒட்டி இருக்கும். அதை வைத்துத் தடிமனைக் கணக்கிட்டால் 0.048 மில்லிமீட்டர் வருகிறது. பல கூடுகளின் நூல் சேர்ந்த இழை என்பதால் அது முழு வட்டம் இல்லை, திட்டுகளின் ஓரமும் கொஞ்சம் கலங்கியிருக்கும். ஆனாலும் தராசு சொன்னதையே ஒளியும் சொல்லிவிட்டது. இதன் பிறகு அலைக் கொள்கையை யாரும் சந்தேகிப்பதில்லை.

அடுத்த வகுப்பில் அதே பேனாவை வைத்துக் கவிழ்ப்பேன்.

இதற்கு மழைக்காலம் ஆகாது. காற்றில் ஈரம் இருந்தால் மின்காட்டியின் இலை தானாகவே இறங்கிவிடும், எது எதனால் என்று தெரியாது. பொங்கல் கழிந்து காற்று காய்ந்த பிறகுதான் செய்வேன். பழைய டார்ச் பேட்டரியின் உறையை வெட்டி நிமிர்த்தினால் துத்தநாகத் தகடு தயார். அதைப் பளபளவென்று உப்புத்தாளால் தேய்த்து உடனே மின்காட்டியின் தலையில் வைக்க வேண்டும். தேய்த்துவிட்டு டீ குடிக்கப் போனால் ஆக்சைடு படிந்துவிடும். கம்பளியில் உரசிய பிவிசி குழாயால் எதிர் மின்னூட்டம் கொடுத்ததும் இலை விரிந்து நிற்கும்.

லேசரைப் போடுவதற்கு முன்னால் நோட்டில் எழுதச் சொல்வேன்: இலை இறங்குமா? கிட்டத்தட்ட எல்லோரும் இறங்கும் என்றே எழுதுவார்கள். அலை ஆற்றலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது, இப்போது இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்தில் சேர்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய மூளைகளும் அப்படித்தான் யோசித்திருக்கும். பத்து நிமிடம் காத்திருப்போம். இலை அசையாது. இரண்டாவது பேனாவையும் சேர்த்துப் பிடிப்போம். ம்ஹூம்.

பிறகு குடிநீர்ச் சுத்திகரிப்பானில் இருக்கிற புற ஊதா விளக்கு. கண்ணைக் கெடுக்கும் என்பதால் அதைக் கறுப்பு அட்டைக் குழாய்க்குள் வைத்து, வாயைத் தகட்டுப் பக்கமாகத் திருப்பி, நான் மட்டுமே கையாளுவேன். போட்டதும் இலை சரசரவென்று இறங்கும். நடுவில் ஜன்னல் கண்ணாடித் துண்டை நீட்டினால் நின்றுவிடும், எடுத்தால் மறுபடி இறங்கும். ‘சார், இன்னொரு வாட்டி’ என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். பட்டுத்துணியால் தேய்த்த கண்ணாடித் தண்டைக் கொண்டு நேர் மின்னூட்டம் கொடுத்தால் (பட்டுத்துணிக்கு எங்கள் பக்கம் பஞ்சமா என்ன) அதே விளக்குக்கு இலை அசையாது. வெளியேறுவது எதிர் மின்னூட்டம் என்பது அதில் தெரிந்துவிடும்.

கணக்கு இப்போதுதான் வரும். 5 மில்லிவாட் பேனா வினாடிக்கு ஏறக்குறைய 160 கோடி கோடி ஃபோட்டான்களை அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் இருப்பது 1.9 எலக்ட்ரான் வோல்ட்தான். துத்தநாகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 4.3 வேண்டும். புற ஊதா விளக்கின் 254 நானோமீட்டர் ஒளியில் ஒரு ஃபோட்டானுக்கு 4.9. கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை, தனி ஒன்றிடம் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. ஐன்ஸ்டீன் 1905இல் சொன்னது இதைத்தான்.

அதை நம்ப மறுத்தவர்களின் கதையைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. மில்லிகன் அந்தச் சமன்பாட்டைச் சோதிக்கப் பல ஆண்டுகள் உழைத்தார்; சோடியம், லித்தியப் பரப்புகளை வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தியால் சீவிப் புதிதாக்கினார். நம் உப்புத்தாள் வேலைதான், ராஜ மரியாதையோடு. 1916இல் சமன்பாடு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. அப்போதும் ஒளித்துகள் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. நம் சி.வி. ராமனும் 1924இல் டொரண்டோவில் நடந்த விவாதத்தில் எக்ஸ் கதிர்ச் சிதறலுக்குக் காம்ப்டன் தந்த துகள் விளக்கத்தை எதிர்த்தவர்தான். நான்கே ஆண்டில், கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, காம்ப்டன் விளைவுக்கு இணையான ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தேடிப் பிடித்தார்.

‘அப்போ ஒளி மயில்கழுத்துப் புடவை மாதிரியா சார்? இப்படிப் பார்த்தா நீலம், அப்படிப் பார்த்தா பச்சை?’ இதை யாராவது ஒருவர் கேட்டே தீருவார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் ஒப்புக்கொள்வதில்லை. மயில்கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஒளியைப் பிரித்துப் பார்த்து இது அலை நூல், இது துகள் நூல் என்று எடுத்து வைக்க முடியாது.

கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால் மட்டும் இன்னொன்றும் சொல்வேன். உலோகத்தை மட்டும் குவாண்டம் விதிப்படி நடத்தி, ஒளியை அலையாகவே விட்டுவிட்டாலும் ஒளிமின் விளைவின் பெரும்பகுதியை விளக்கலாம் என்று லாம்ப், ஸ்கல்லி இருவரும் 1960களின் இறுதியில் காட்டினார்கள். ஒற்றை ஃபோட்டானுக்கு நேரடிச் சான்று வேண்டுமென்றால், 1986இல் பாரிஸ் அருகே ஆஸ்பேவின் குழு செய்த சோதனை வரை வர வேண்டும். பாடநூல் இதைச் சொல்லாததில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒளிமின் விளைவே ஃபோட்டானை ‘நிரூபித்துவிட்டது’ என்று கரும்பலகையில் எழுதக் கை வருவதில்லை.

பட்டிழையை வைத்து நாங்கள் செய்ததை, ஊசியின் நிழலை வைத்து 1909இல் கேம்பிரிட்ஜில் ஜி.ஐ. டெய்லர் செய்திருக்கிறார். புகை படிந்த கண்ணாடிகளால் ஒளியை மங்க வைத்து, மூன்று மாதம் வரை ஒரே படத்தட்டில் பதிய விட்டார். சராசரியாக ஒரு நேரத்தில் ஒரு குவாண்டத்துக்கு மேல் கருவிக்குள் இருக்க வாய்ப்பில்லாத அளவுக்கு மங்கல். அப்படியும் அதே வரிகள்தான்.

‘தனியா வந்த ஒண்ணு ஊசிக்கு எந்தப் பக்கமா போச்சு சார்?’

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஏற்பாடு செய்தால் வரிகள் போய்விடும் என்பேன். அது எப்படி என்று கேட்பதற்குள் மணி அடித்துவிடும். அடுத்த வகுப்பில் டேவிசன், ஜெர்மர்: நிக்கல் படிகம், 54 வோல்ட். இம்முறை நிழலில் வரி போடப்போவது எலக்ட்ரான்.