எந்தக் கிளட்ச் போதும்?

பழவங்காடி கணபதி கோயிலின் முன் மாலையில் தேங்காய்கள் சிதறும் வேளையில் ஓவர்பிரிட்ஜ் முதல் கிழக்குக்கோட்டை வரை வாகனங்கள் நகர்வதில்லை, ஊர்கின்றன. 2011ஆம் ஆண்டின் மகிந்திரா தார் வண்டியில் அந்நெரிசலில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கருகல் வாடை கோயிலிலிருந்து வருவதாகவே முதலில் எண்ணினார். மறுநாள் விதுரா செல்லும் வழியில் ஐந்தாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது எஞ்சினின் சுழற்சி எகிறியது; வேகமானியின் முள்ளோ அசையவில்லை. கிளட்ச் நழுவுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நாகர்கோவிலிலிருந்து வந்து பழவங்காடியிலேயே முதுமையைக் கழிக்கும் அவருக்கு வயது 67. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. பொன்முடி அடிவாரத்தில் மகள் வீடு. அங்குள்ள இறுதி அரைக் கிலோமீட்டர் மழைக்காலத்தில் வெறும் சேறு. வண்டியை விட்டால் மகளைக் காண்பதற்குப் பிறர் தயவு வேண்டும். ஆகவே எந்தக் கிளட்ச் என்ற கேள்வி அவருக்கு வெறும் உதிரிபாகக் கேள்வியாக இருக்கவில்லை.

அண்ணன் மகன் தயங்காமல் விடை சொன்னான்: “செராமிக் பிளேட் போடுங்க சித்தப்பா, கூடவே கனமான பிரஷர் பிளேட்டும். அப்புறம் நழுவவே நழுவாது.” எஞ்சினின் கணினியைத் திருத்தி விசையைக் கூட்டியதும், பெரிய டயர்களை மாட்டியதும் அவன்தான்.

ஆசிரியர் காகிதத்தை எடுத்தார். கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை என்பது உராய்வுக் கெழு, அழுத்தும் விசை, தகட்டின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றின் பெருக்கம். பரப்புகள் இரண்டே. ஆரத்தை ஃபிளைவீல் தீர்மானித்துவிடுகிறது. எஞ்சியவை உராய்வும் அழுத்தமும். அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும். அந்தக் கனத்தைச் சுமக்க வேண்டியது தேய்ந்த முழங்கால். செராமிக் வெப்பத்தை நன்கு தாங்கும், ஆனால் சட்டெனப் பற்றும். மெல்ல நழுவி இணையும் பண்பு அதற்குக் குறைவு. நூறு முறை நின்று கிளம்பும் நெரிசலில் ஒவ்வொரு கிளம்பலும் குலுக்கலாகும். அக்குலுக்கல் கியர்பாக்ஸுக்கும் அச்சுக்கும் செல்லும். கிளட்ச் ஒருவகையில் மின்சுற்றின் ஃபியூஸ்தான்; தடித்த கம்பி கட்டினால் எரிவது வேறொன்று.

பக்கத்துப் பட்டறைக்காரர் களியக்காவிளைக்காரர். அவர் கணக்கைப் பார்க்கவில்லை. “சாரே, இத வச்சு மகள் வீட்டுக்குப் போகணுமா, பந்தயம் ஓடணுமா?” என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்குப் பின்னரே ஆசிரியர் மறுபக்கத்திலிருந்து யோசித்தார். இவ்வெஞ்சின் ஆலையிலிருந்து வந்தபோது அதன் உச்ச முறுக்குவிசை 247 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,800 முதல் 2,000 சுழற்சிக்குள். டர்போ முழுமூச்சுடன் தள்ளும் இடம் அது. உயர் கியரில் தளர்ந்த கிளட்ச் முதலில் தோற்கும் இடமும் அதுவே. திருத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூட்டியிருந்தாலும் ஏறத்தாழ 296 ஆகிவிடும். டயரின் கதையும் அப்படித்தான். 235/70 ஆர்16 இருந்த இடத்தில் 245/75 ஆர்16 வந்ததால் விட்டம் 735 மில்லிமீட்டரிலிருந்து 774 ஆயிற்று. ஐந்து விழுக்காடு உயரம், கியர் விகிதத்தை அதே அளவு நீட்டியதற்குச் சமம். நின்று கிளம்பும்போதெல்லாம் கிளட்ச் கூடுதலாக நழுவியாக வேண்டும். கிளட்ச் பலவீனமாகப் பிறக்கவில்லை. அதன்மேல் சுமை ஏற்றப்பட்டிருந்தது.

சுமையை இறக்குவதென்று முடிவாயிற்று. எஞ்சினின் பழைய நிரல் திரும்பியது, பழைய அளவு டயரும் திரும்பியது. ஆலைத் தரத்திலான சாதாரண கிளட்ச் பிளேட், அதற்கிணையான பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒருசேர மாற்றினார்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலியை இருமுறை கொடுப்பவர் எவருமில்லை. ஃபிளைவீலின் முகத்தைக் கடைந்து சீராக்கினார்கள். கிராங்க் பின்புற ஆயில் சீலில் கசிவு தெரிந்தது. அதைக் கவனியாது விட்டிருந்தால் புதிய தகடும் எண்ணெய் குடித்து நழுவியிருக்கும். அண்ணன் மகன் இரண்டு நாள் பேசவில்லை.

சில நூறு கிலோமீட்டர் நகருக்குள் மெதுவாக ஓட்டித் தகட்டைப் பதப்படுத்தியபின், ஒரு ஞாயிறு காலை அவர் புறப்பட்டார். மகள் வீட்டுச் சேற்றுப் பாதையின் தொடக்கத்தில் வண்டியை முழுதாக நிறுத்தி, கீழ்விகித நான்குசக்கர இயக்கத்துக்கு மாற்றினார். முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிச் சக்கரங்களுக்குச் செல்ல, பெடலை ஒருமுறை விட்டபின் இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். மேலே போய்ச் சேரும்வரை அக்கால் மீண்டும் எழவில்லை.