ஏரிக்கரைத் துணிக்கொடி

சென்னையிலிருந்து கூடூர் மார்க்கமாகச் செல்லும் ரயிலில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, எளாவூர்ப் பக்கத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கிப் போனால் சுண்ணாம்புக்குளம் என்னும் ஊர் வருகிறது. தமிழ்நாடு முடிந்து ஆந்திரம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் உள்ள ஊர். அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பழவேற்காடு ஏரி. வழக்கத்தை ஒட்டி ஏரி என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் இது கடலோடு உறவு பூண்ட உப்பங்கழி. ஒடிஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இதுதான் பெரியது.

பனிக்காலத்தில் இங்கே வரும் பூநாரைகளைப் பார்க்க ஜனங்கள் தூரதேசங்களிலிருந்து பெரிய பெரிய காமிராக்களோடு வருகிறார்கள். நாம் பார்க்கப் போனது துணிக்கொடிகளை. வாசகர்கள் சிரிக்க வேண்டாம். உலகத்தில் மூன்று கண்டங்களில் அன்றாடத் துணிக்குத் தன் பெயரைக் கொடுத்த கரை இது. அந்தக் கரையில் இன்று என்ன உலர்கிறது என்று பார்க்கும் ஆசை நமக்கு இருந்ததில் தவறில்லையே!

உலர்ந்தவை மூன்று தினுசு. கட்டம் போட்ட கைலிகள், பனியனும் டீ சட்டையுமான பின்னல் உடைகள், பட்டணத்துக்குப் போகும் பிள்ளைகளின் நீல ஜீன்ஸ். நடுவில் ஒரு பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை. அது முழு வெள்ளையாக இல்லை. இடது தோளில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. அருகிலிருந்த புதுக் கைலியின் உபயம் என்பதை ஊகிக்கத் துப்பறியும் நிபுணர் தேவையில்லை. துணிக்குரிய பெண்மணி அதைக் காட்டி, "பள்ளிக்கூடம் தொறந்து ஒரு மாசங்கூட ஆகல, ஐயா. இன்னொண்ணு எடுக்கணும்னா ரெண்டு நாள் இறால் காசு" என்றார். நல்ல துணி, மட்டமான துணி என்ற பேச்சு பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டிருக்க வேண்டும்.

அந்த அம்மாள் துணி அலசிய விதத்தை நாம் கவனித்தோம். அழுக்கை முதலில் கிடைக்கிற தண்ணீரில் கும்மிப் போக்கிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊற்றினார். குடிக்கிற தண்ணீரை எடுத்துத் துணியில் கொட்டுவானேன் என்று கேட்டோம். "உப்புத் தண்ணியோட காயப்போட்டா பகல்ல காஞ்ச மாதிரி இருக்கும், ராத்திரிக்குப் பிசுபிசுன்னு ஆயிடும்" என்று பதில் வந்தது. ரசாயன ஆசிரியர் சொல்வதும் அதுவேதான். இழைகளுக்கு நடுவில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஈரம் தங்கிய துணியில் பூஞ்சைக் கறுப்பு படர்கிறது. கடினமான நீரில் கட்டிச் சோப்பு நுரைக்காமல் போவதற்கும் காரணம் உண்டு. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்தும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகத் திரண்டு துணியிலேயே படிந்துவிடுகின்றன. வெள்ளைத் துணி நாளடைவில் சாம்பல் நிறமாவது இதனால்தான். சென்னையில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை நம்பியிருக்கும் குடும்பங்களும் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல நீரை ஒதுக்கினால், வெள்ளைச் சட்டையின் ஆயுள் கூடும்.

இனி, பெயர்க்கதைக்கு வருவோம். ஏரியின் தென்கோடியில் இருக்கிறது பழவேற்காடு என்னும் ஊர். 1610-ல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்ற டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அவர்களுக்கு வேண்டியிருந்தது கிழக்குத் தீவுகளின் ஜாதிக்காயும் கிராம்பும். தீவுக்காரர்களோ ஐரோப்பியப் பண்டங்களை அவ்வளவாக மதிக்கவில்லை; நம் கரையில் நெய்து சாயமிட்ட துணியைக் கொடு, வாசனைத் திரவியத்தை எடுத்துக்கொள் என்றார்கள். ஆகவே கப்பல் கப்பலாகத் துணி போயிற்று. அந்தக் கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. அதைக் காட்டிலும் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் நன்றாயிருக்கிறது. அதைத் தொல்பொருள் இலாகா பாதுகாக்கிறது.

கோட்டை போனாலும் பெயர் போகவில்லை. மலேயாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது பழவேற்காடுதான். மெக்ஸிகோவில் கழுத்திலும் தலையிலும் கட்டும் கைக்குட்டைக்குப் 'பாலியகாத்தே' என்று பெயர். அந்நாட்டு விடுதலைப் போரை நடத்தி 1815-ல் சுட்டுக் கொல்லப்பட்ட மோரெலோஸ் பாதிரியாரின் படங்களில் அவர் தலையில் துணி கட்டியிருக்கிறார் அல்லவா, அதுவும் பாலியகாத்தேதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் இதைப் பார்த்துப் பார்த்து நெய்து, 'புல்லிகேட்' என்று இதே பெயரில் விற்றார்கள். போலிக்கு ஆசைப்படும் அளவுக்கு அசலுக்கு மதிப்பு இருந்தது!

நம் முன்னோர் கடற்கரை நிலத்துக்கு நெய்தல் என்று பூவின் பெயரை வைத்தார்கள். பழவேற்காட்டுக்கு அச்சொல்லின் இன்னொரு பொருளும் பொருந்தியிருந்தது. இப்போது அங்கே போய் நெசவைத் தேடினால், முஸ்லிம் வீடுகளில் பெண்கள் பனையோலையால் முடையும் அழகான கூடைகளையும் பெட்டிகளையும்தான் காணலாம். கைலிக்குக் குடியாத்தத்துக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் போக வேண்டும்.

அந்தத் துணிக்கு அப்படி என்ன பெருமை? துணியை நெய்துவிட்டுச் சாயம் பூசுவதில்லை. நூலுக்கு முதலில் சாயமேற்றி, பாவிலும் ஊடையிலும் நிறத்தை மாற்றிக் கோத்துக் கட்டம் எழுப்புவார்கள். ஆகையால் துணிக்கு உள் பக்கம், வெளிப் பக்கம் என்பதே கிடையாது. இன்றைக்கும் கடையில் கைலி வாங்கும்போது செய்யவேண்டிய முதல் காரியம் அதைத் திருப்பிப் பார்ப்பதுதான். இரு பக்கமும் கட்டம் ஒரே அழுத்தமாக இருந்தால் நூலில் சாயமேற்றியது. பின்பக்கம் வெளிறியிருந்தால் அச்சுக் கட்டம். விலை குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை. 1985-ம் வருஷத்துச் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கிய வகைகளில் லுங்கியும் ஒன்று. ஆயினும் விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்று சொல்லித் தள்ளிவிடும் கடைகள் உண்டு. கைத்தறி முத்திரை கேட்டுப் பார்ப்பதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. நாம் கூச்சப்படுவதால் நஷ்டமடைகிறவர் நெசவாளர்.

இரண்டாவது காரியம், சாயம் நிற்குமா என்று பார்ப்பது. துணியின் மூலையை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டைக்குள் வைத்து நன்றாக அழுத்தினால் போதும். கடைக்காரர் முகம் கோணினால் வீட்டுக்கு வந்து செய்யலாம். ஆனால் வெள்ளைச் சட்டையோடு சேர்த்து ஊறவைப்பதற்கு முன்பு செய்ய வேண்டும். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் பிடிக்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். சாயப் பட்டறையில், தொட்டியிலே உப்புப் போடுவது நூல் சாயத்தை ஏற்றுக்கொள்வதற்காக. வேலை முடிந்து வெளிவந்த பருத்தித் துணியை வீட்டில் உப்பில் முக்குவதால் பெரிய பலன் ஒன்றுமில்லை. முதல் மூன்று நான்கு தடவை தனியாகத் துவைப்பதும், நனைத்த துணியைக் குவித்து வைக்காமல் உடனே உலர்த்துவதுமே வழி.

சாயம் போவதையே பெருமையாக்கி விற்ற கதையும் உண்டு. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் சென்னைக் கட்டத் துணி சலவையில் ஒன்றோடொன்று கலந்து மங்கியபோது, வியாபாரிகள் அதைக் குறையென்று ஒப்புக்கொள்ளவில்லை. சாயம் போகுமென்று உத்தரவாதம் தருகிறோம் என்றே விளம்பரம் செய்தார்கள். சட்டை நன்றாக விற்றது. சுண்ணாம்புக்குளத்து அம்மாளிடம் இந்தச் சாமர்த்தியம் செல்லாது என்று நினைக்கிறோம்.

ஊர்ப் பெயரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. ஏரியின் அடியில் படிந்த கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்யும் தொழில் இக்கரையில் நெடுநாள் நடந்தது. சுவருக்கும் வெற்றிலைக்கும் மட்டுமல்ல, சாயத் தொட்டிக்கும் சுண்ணாம்பு தேவை. அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துத் தொட்டியைப் புளிக்க வைத்தால், நீலம் தன் நிறமிழந்து மஞ்சள் கலந்த பச்சையாகக் கரைகிறது. அதில் தோய்த்த நூல் பச்சையாகத்தான் வெளியே வருகிறது. காற்றுப் பட்டதும் நம் கண்முன்னே நீலமாகிறது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சிவப்பு நிறத்துக்கு மணற்பாங்கான கரைகளில் விளையும் சாயவேர்; அதற்கும் படிகாரத்தோடு நீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால்தான் நிறம் துலங்கும்.

கொடியில் தொங்கிய ஜீன்ஸ் இந்த நீலத்தின் பேரப்பிள்ளை. 1897-ல் ஜெர்மானியர் ரசாயன நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் அவுரி வியாபாரம் சரிந்தது. திண்டிவனத்துப் பக்கத்தில் இன்னும் சிலர் அவுரி நீலம் எடுக்கிறார்கள். இலை மாறினாலும் தோய்க்கும் முறையின் தத்துவம் மாறவில்லை. டெனிமில் பாவு நீலம், ஊடை வெள்ளை. நீலம் நூலின் மேற்புறத்தில் வளையமாகப் படிகிறதே தவிர நடுவரை இறங்குவதில்லை. முழங்காலும் தொடையும் உரசி வெளுப்பது அதனால்தான். அது துணியின் குற்றமன்று. மும்பையின் டோங்ரிப் பகுதியில் விற்ற முரட்டுத் துணியிலிருந்து ஆங்கிலத்தில் 'டங்கரீஸ்' என்ற சொல் வந்தது. 1873-ல் அமெரிக்காவில் லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் கால்சட்டைப் பைகளின் மூலையில் உலோகக் குமிழ் அடிக்கும் உரிமையைப் பதிவு செய்தார்கள். பை கிழியும் இடம் அதுதான் என்று தையற்காரரான டேவிஸுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே ஜீன்ஸ் வாங்குகிறவர்கள் பெயர்ச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் தையலைப் பார்க்கட்டும். உட்தொடையில் துணியை மடித்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறதா? பையின் மூலைகள் அழுத்தமாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா? ஒரு சதுர கஜம் 12 முதல் 14 அவுன்ஸ் வரை கனக்கும் டெனிம் குளிர் நாட்டுக்கு ஏற்றது. நமக்கு 8 முதல் 10 அவுன்ஸ் தாராளம். நீளும் ரப்பர் இழை நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். உஷ்ணத்தில் முதலில் செத்துப்போவது அதுவே. ஒவ்வொரு நாளும் துவைக்காமல், உட்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் போட வேண்டும். வெளுப்புத் தூள் நீலத்துக்கு விரோதி. நனைந்த டெனிம் பாரமாகிவிடும், லேசில் காயாது. அதனால்தான் அதே பிள்ளைகள் ஏரியில் இறங்கும்போது ஜீன்ஸைக் கொடியில் விட்டுவிட்டுக் கைலியை மடித்துக் கட்டுகிறார்கள்.

பின்னல் உடையைப் பற்றி மீனவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வலையில் ஒவ்வொரு கண்ணியும் தனி முடிச்சு. ஒன்று அறுந்தால் பக்கத்துக் கண்ணி தாங்கும். பனியனில் முடிச்சே கிடையாது. ஒரே நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கிறது. அதனால்தான் நீள்கிறது, மீள்கிறது. ஒரு வளையம் அறுந்தால் ஓடுகிறது. வாங்கும்போது இரண்டு கையாலும் இழுத்துவிட்டுப் பார்க்கலாம். உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் மேகம் போலத் திட்டுத்திட்டாகத் தெரியக் கூடாது. பக்கத் தையல் முன்புறம் முறுக்கிக்கொண்டு வந்திருந்தால் அது இரண்டு சலவைக்குப் பிறகு இன்னும் முறுக்கும். டீ சட்டைக்குச் சதுர மீட்டருக்கு 160 முதல் 180 கிராம் எடை நம் வெயிலுக்குப் போதுமானது. ஈரப் பின்னலைப் பிழிந்து தோளைப் பிடித்துத் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே நீண்டுவிடும். பாயில் பரப்பலாம், அல்லது இடுப்புப் பாகத்தைக் கொடியில் மடித்துப் போடலாம்.

இவற்றில் பெரும்பாலானவை திருப்பூரில் பிறந்தவை. அங்கே சாயக் கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்பது உலகறிந்த விஷயம். கழிவு நீரை வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யாததற்காக, 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நீரை நம்பிப் பிழைக்கும் ஓர் ஏரிக்கரையில் நின்றுகொண்டு ஐம்பது ரூபாய் டீ சட்டையின் பளபளப்பைப் பார்க்கும்போது, விலையில் பாக்கியை யாரோ எங்கோ கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நல்ல கைலி ஒன்று இந்த ஊர்களில் எத்தனை பிறவி எடுக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டோம். புதிதாக இருக்கையில் திருவிழாவுக்கும் சந்தைக்கும், கொஞ்சம் மங்கியதும் வீட்டுக்கு, பிறகு ஏரிக்கு. இழை மெலிந்து மெத்தென்று ஆனபின் உத்தரத்தில் கட்டிக் குழந்தைக்குத் தூளி. கிழிந்தால் மீன் கூடைக்கு அடியில் தலையில் வைக்கும் சும்மாடு. கடைசியில் படகுக்குள் ஈரம் துடைக்கும் கந்தல். பாலியெஸ்டர் கைலியும் மலிவாகக் கிடைக்கிறதே என்றோம். அந்த அம்மாள் தூளியை ஆட்டியபடியே, "அதுல புள்ள தூங்காது ஐயா, வேர்த்துடும்" என்றார்.