ராஜாவைச் சுமக்கும் மரம்

உத்திரமேரூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், வேப்பமர நிழலில் உட்கார்ந்து கூத்து வாத்தியார் ஒருவர் புஜக்கட்டை செதுக்கிக்கொண்டிருந்தார். கிரீடம், மார்ப்பதக்கம், தோளில் ஏறும் புஜக்கட்டை எல்லாம் சேர்ந்துதான் ‘கட்டை’. துரியோதனன், கர்ணன் போன்ற ராஜ வேடங்கள் அணிபவை. இந்தப் பக்கத்தில் கூத்துக்கே கட்டைக்கூத்து என்று பெயர்.

மரம், கல்யாண முருங்கை. “தேக்குல செஞ்சா ஆகாதுங்களா வாத்தியாரே?” என்று கேட்டேன்.

“தேக்க மாட்டிக்கினு விடியற வரைக்கும் கிர்க்கி அடிச்சு சுத்தி ஆட முடியுமா சார்? கழுத்து போயிடும்.”

ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். அவ்வளவு பெரிய துண்டுக்குக் கனமே இல்லை. உளி வைத்த இடத்தில் இழுத்த பக்கமெல்லாம் வளைந்து ஓடுகிறது. செதுக்கி முடித்ததும் வண்ணத் தாளும் ஜிகினாவும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்ட வேண்டும். வெளிச்சத்தை வாங்கி வீசுவது அந்தச் சில்லுகள்தான்.

வீடு கட்ட உதவாத இந்த மரத்துக்கு ஊரில் இருக்கும் மரியாதை பெரியது. கல்யாணப் பந்தலுக்கு முகூர்த்தக்காலாக நடுவது இதன் கிளையைத்தான். பிறகு அது துளிர்த்தால் தம்பதி தழைப்பார்கள் என்பது நம்பிக்கை. ஈரமண்ணில் ஊன்றிய கிளை தானே வேர்பிடிக்கும். அந்தக் குணத்தைப் பல தலைமுறையாகக் கண்டவர்கள் வைத்த நம்பிக்கை அது. தேவலோகத்து மந்தார மரம் இதுதான் என்பாரும் உண்டு. ஐரோப்பியக் கதைகளில் மந்திரக்கோலுக்கென்று தனி மரங்கள் இருப்பதுபோல, ஆளை மாற்றும் சக்தி இங்கே இந்த மரத்துக்கு. பகலில் நாற்று நட்டவர், கட்டையைக் கண்ணில் ஒற்றிக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றால், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழுவதில்லை. மந்திரம் என்ற சொல்லை நான் இதற்கு மட்டும் தயங்காமல் தருவேன்.

மரத்துக்குத்தான் இப்போது ஆபத்து. இலையிலும் தண்டிலும் முட்டையிட்டு முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் ஒரு சிறு குளவியை 2004-இல் அறிவியலாளர்கள் அடையாளம் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது தென்னிந்தியாவிலும் பரவியது. வேலியோரம் சும்மா கிடைத்த மரத்தை வாத்தியார் இப்போது ஊர் ஊராக விசாரிக்கிறார். ஃபைபரில் செய்து வாங்கலாமே என்கிறார்கள் இளையவர்கள். வியர்வையில் அது தோலை அறுக்கும் என்று இவர் மறுக்கிறார். நான் அவர் பக்கம்.

கட்டை கட்டுபவர்களும் மாறியிருக்கிறார்கள். கூத்துக் கலைஞர் பி. ராஜகோபால் முன்னின்று 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். ஆண்கள் மட்டுமே ராஜாவாக நின்ற மேடை அது. வாத்தியார் செதுக்கிக்கொண்டிருந்த புஜக்கட்டையும் ஒரு பெண்ணுக்குத்தான்.

“தோள் சின்னது சார். அளவெடுத்து, புதுசா இழைக்கணும்” என்றபடி மறுபடியும் உளியை எடுத்தார்.