கடல் கிட்ட வரேல்லை, கிணறு ஏன் சவர்த்தது?

அன்பு மருமகளுக்கு,

வட்ஸ்அப்பில் நீ அனுப்பிய குரல்பதிவு கிடைத்தது. "மாமா, கடல் முந்தி இருந்த இடத்திலதான் இருக்கு. ஒரு முழம்கூடக் கிட்ட வரேல்லை. பிறகேன் மோட்டர் பூட்டினாப்பிறகு எங்கட கிணறு சவர்த்தது?" அதோடு விட்டாயா? அணுவுக்குள் சுற்றும் இலத்திரன் ஏன் கருவில் போய் விழுவதில்லை என்பது அடுத்தது. கனடா ஏரியிலும் கப்பலின் கீழ்ப்பக்கம்தான் முதலில் மறையுமா என்பது மூன்றாவது. ரியூசனில் கேட்டதற்கு "உது சோதினைக்கு வராது" என்று சொல்லிவிட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சிலபஸ் முடிக்க வேண்டும். எனக்குச் சிலபஸ் கிடையாது. நான் இருக்கும் ஸ்காபரோவில் பனிக்காலமும் லேசில் முடியாது. ஆறுதலாக எழுதுகிறேன்.

கிணற்றில் தொடங்குவோம். யாழ்ப்பாணத்து எங்கள் மண்டைதீவில் ஆறு இல்லை. மாரியில் விழும் மழை மணலுக்குள்ளும் சுண்ணக்கல்லுக்குள்ளும் இறங்கி, அங்கே ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. கிணறு வெட்டும்போது நாங்கள் தொடுவது அந்த மிதக்கும் தண்ணீரைத்தான். எவ்வளவு ஆழத்துக்கு அது நல்ல தண்ணீர் என்று கேட்டால், நீ பௌதிகச் செய்முறையில் செய்த யூ குழாய்க் கணக்கு அப்படியே வரும். ஒரு புயத்தில் கடல்நீர், கனமீற்றருக்கு 1025 கிலோ. மறு புயத்தில் நன்னீர், 1000 கிலோ. இரண்டும் சந்திக்கும் இடத்தில் அமுக்கம் சமன். கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள ஆழத்தை 1025 ஆல் பெருக்கு. அதே ஆழத்தோடு, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் நிற்கும் உயரத்தையும் கூட்டி 1000 ஆல் பெருக்கு. இரண்டையும் சமப்படுத்தினால் ஆழம் உயரத்தின் 40 மடங்கு. கிணற்றுத் தண்ணீர் கடல்மட்டத்தைவிட ஒரு அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடி நன்னீர் இருக்கிறது.

இப்போது மோட்டரைப் போடு. நீர்மட்டம் ஒரு அடி இறங்குகிறது. கிணற்றை எட்டிப் பார்ப்பவருக்கு ஒரு அடிதானே என்று தோன்றும். ஆனால் கீழே உப்புத் தண்ணீர் 40 அடி ஏறினால்தான் சமன்பாடு திரும்பவும் சரிவரும். ஒரே நாளில் ஏறாது, கல்லுக்குள்ளால் நகர நாளெடுக்கும், ஆனால் ஏறும். துலாவில் ஒருவர் பட்டை பட்டையாக இறைத்த காலத்தில் அள்ளிய இடத்தைப் பக்கத்துத் தண்ணீர் வந்து நிரப்பியது. மோட்டர் ஊற்றுக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே நீ சொன்னது சரி பிள்ளை. கடல் கரைப்பக்கமாக ஒரு முழமும் வரவில்லை. அது அடியால் வந்தது.

இந்தக் கணக்கை எழுதி வைத்தவர் யார் தெரியுமா? படோன் ஹைபன் என்ற ஒல்லாந்து இராணுவப் பொறியியலாளர். 1880களின் கடைசியில், அம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் கிணறு துளைக்கும் திட்டத்துக்காக எழுதிய குறிப்பில் இது வருகிறது. 1901இல் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியர், வட கடலில் உள்ள சின்னத் தீவுகளின் குடிநீரை ஆராயும்போது தன்பாட்டில் இதே விடைக்கு வந்தார். இரண்டு பேரின் பெயரும் சேர்ந்தே இந்த விதிக்கு நிலைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வருவது வேறு இடத்தில். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் 1795 வரை எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள். காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம் என்றும் நெடுந்தீவுக்கு டெல்ப்ற் என்றும் தங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். கணக்கைப் போட அவர்களுக்கு அசல் அம்ஸ்டர்டாமின் மணல்மேடு தேவைப்பட்டது. எங்கள் ஊரில் நாக்கால் மட்டும் தண்ணீரைச் சோதித்து, எந்தக் கிணறு குடிக்க, எந்தக் கிணறு குளிக்க என்று பிரித்து வைத்தவர்களில் ஒருவருக்கு இணைந்த கணிதம் தெரிந்திருந்தால் அந்த விதிக்கு மண்டைதீவுப் பெயர் வந்திருக்கும். சும்மா ஒரு ஆசைதான், விடு.

நீ தொகையீடு படித்தவள். ஆகையால் ஒரு படி மேலே போகலாம். தீவை வட்டமென்று எடு. எங்கும் ஒரேயளவு மழை இறங்குகிறது, இறங்கிய தண்ணீர் கரையை நோக்கி மெல்ல ஓடுகிறது. ஓட்டம் நீர்மட்டத்தின் சரிவுக்கும், நன்னீர்ப் படையின் தடிப்புக்கும் விகிதசமம் என்று எழுதி, நடுவிலிருந்து தொகையிட்டுக்கொண்டு போ. நீர்மட்ட உயரத்தின் வர்க்கம், தீவின் ஆரத்தின் வர்க்கத்திலிருந்து நீ நிற்கும் தூரத்தின் வர்க்கத்தைக் கழித்ததற்கு விகிதசமமாக வரும். வெட்டுமுகத்தில் அது ஒரு நீள்வளையம். தீவின் நடுவில் நீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பது ஆரத்துக்கு நேர்விகிதசமம் என்பதும் அதிலேயே கிடக்கிறது. அதே மழை, அதே கல், அரைவாசி அகலம் என்றால் நன்னீரின் தடிப்பும் அரைவாசிதான். பெரிய தீவுக்குத் தாங்கும் மோட்டர் சின்னத் தீவுக்குத் தாங்காது என்பதை எந்த அதிகாரியும் உனக்கு வந்து சொல்லத் தேவையில்லை, சமன்பாடே சொல்லிவிடும்.

இனித்தான் விசயமே இருக்கிறது. இந்த விடையை நம்பாதே. எங்கே பிழைக்கிறது என்று பார். நன்னீருக்கும் உப்புநீருக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல ஒரு எல்லை இருப்பதாகக் கணக்கு எடுத்துக்கொண்டது. உண்மையில் அங்கே கலங்கிய ஒரு படை இருக்கும். புத்தூர் நிலாவரைக் கிணற்றைக் கேள்விப்பட்டிருப்பாய். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. கல் எங்கும் ஒரே மாதிரி என்றும் எடுத்தோம். எங்கள் சுண்ணக்கல்லோ பொந்தும் வெடிப்புமானது, ஒரு வெடிப்பு நேரே கடலைக் கொண்டுவந்து உன் கிணற்றில் விடலாம். கடல்நீர் 1025 என்று எடுத்ததும் அப்படியே. யாழ்ப்பாணப் பண்ணைப் பக்கத்து ஆழமில்லாத கடல் கோடை வெயிலில் வற்றும்போது உப்பு ஏறும். அடர்த்தி 1035 என்று வைத்துக்கொண்டு திரும்பப் போட்டுப் பார், 40 என்பது 29 ஆகக் குறையும். பாஸ் பேப்பரில் விடை வந்ததும் அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பழக்குகிறார்கள். பௌதிகம் அந்த அடிக்கோட்டுக்குக் கீழேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

கிணறு என்று எழுதிக்கொண்டே போகிறேன். உன் அம்மம்மா கிணற்றைப் பற்றிப் பேசுவது எப்போதும் தண்ணீரைப் பற்றி இல்லை என்பது உனக்குத் தெரியும். 1990 ஆகஸ்டில் தீவில் பிடிபட்டுக் காணாமற்போனவர்களின் எச்சங்கள் மண்டைதீவுக் கிணறுகளில் இருக்கின்றன என்று உறவுக்காரர் சொல்லி வருகிறார்கள். தோண்டிப் பார்க்கச் சொல்லி இன்றும் கேட்கிறார்கள். நீ கேட்டது அதுவல்ல. ஆனாலும் அந்தத் தீவின் கிணறுகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அதை விழுங்கிக்கொண்டு போக எனக்கு மனமில்லை.

இலத்திரனுக்கு வருவோம். உன் சந்தேகம் நூறு வருசத்துக்கு மேற்பட்டது. ஏற்றம் ஒன்று வளைந்து ஓடினால் சக்தியைக் கதிர்வீசி இழக்கும் என்பது பழைய மின்காந்தக் கொள்கை. அதன்படி ஐதரசன் அணு ஒரு செக்கனின் பத்தாயிரம் கோடியில் ஒன்றரைப் பங்கு நேரத்தில் நொறுங்கிவிட வேண்டும். நீயும் இல்லை, நானும் இல்லை, இந்தக் கடிதமும் இல்லை. சொட்டுப் பொறியியல் (குவாண்டம் கொள்கை) வந்து அதைத் தீர்த்தது என்று புத்தகத்தில் இருக்கும், சரிதான். ஆனால் பழைய கொள்கையையே ஒழுங்காகக் கடைசி வரை கணக்கிட்டால் என்ன வரும்? 1938இல் கேம்பிறிட்ஜில் பால் டிராக், தான் வீசிய கதிரே இலத்திரனைத் திருப்பித் தள்ளும் விளைவையும் சேர்த்து ஒரு சமன்பாடு எழுதினார். அவரிடம் படித்த எங்கள் தமிழர் ஒருவர், சி. ஜே. எலியேசர், அதை ஐதரசன் அணுவில் போட்டுப் பார்த்தார். புரோத்தனை நோக்கி நேராக விழும் இலத்திரன் அதைப் போய்த் தொடாது. நடுவழியில் நின்று, திரும்பி, வெளியே மேலும் மேலும் வேகமாக ஓடிவிடும் என்று வந்தது! இழுக்கும் விசை இருக்க, ஓடுகிறது. 1943இல் அதைப் பிரசுரித்தார்.

இயற்கையில் அப்படி நடப்பதில்லை. ஆகவே பிழை சமன்பாட்டில் இருக்கிறது. தன் ஆசானின் சமன்பாடு என்று அவர் விடையை மூடி வைக்கவில்லை. அந்த முடிவை இன்றும் எலியேசர் பெயரால் குறிப்பிடுகிறார்கள். பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாவிலும் கணிதம் கற்பித்து, மெல்பேண் லா ரோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2001இல் காலமானார். அவர் போட்ட கணக்கு ஏறக்குறைய உன் கேள்விதான். சோதினைக்கு வராதுதான்.

ஏரிக் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓம், அங்கேயும் கீழ்ப்பக்கம்தான் முதலில் மறையும். ஒன்ராறியோ ஏரி கண்ணுக்குக் கடல் மாதிரியே இருக்கும், வாயில் வைத்தால் உப்பில்லை. நாங்கள் குடிக்கும் குழாய்த் தண்ணீரும் அதுதான். உன் கண்ணின் உயரத்தை மீற்றரில் எடுத்து 13 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடு, அடிவானத்தின் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். கரையில் நிற்கும் உனக்கு நாலரை கிலோமீற்றர். நயாகராக் கரையிலிருந்து ரொறன்ரோ ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அங்கே நின்று பார்த்தால் 553 மீற்றர் உயரமான சீஎன் கோபுரத்தின் அடியில் 150 மீற்றருக்கு மேல் தண்ணீருக்குக் கீழே போயிருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான். சில நாட்களில் குளிர்ந்த ஏரிக்கு மேலே காற்று ஒளியை வளைத்து, மறைய வேண்டிய கட்டடங்களைத் தூக்கிக் காட்டும். இதிலும் கணக்கு பிழைக்கும் இடம்தான் ருசி.

கடைசியாக, நீ கேட்காத ஒன்று. மோட்டரைக் கழற்றினால் கிணறு எப்போது திருந்தும்? உன் கிணற்றுக்குக் கீழே மட்டும் உப்பு கூம்பாக ஏறியிருந்தால் ஒப்பீட்டில் சீக்கிரம் இறங்கும். தீவு முழுவதும் இறைத்துக் குறைந்ததென்றால், நீர்மட்டத்தை ஒரு அடி உயர்த்த மேலே 1 அடி, கீழே 40 அடி, ஆக 41 அடித் தடிப்புக் கல்லை நன்னீரால் நிரப்ப வேண்டும். கல்லில் ஐந்தில் ஒரு பங்கு துளை என்று வை, எட்டு அடித் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் வருசத்துக்கு நாலடி மழை. அதில் கால்வாசி உள்ளே இறங்கும் என்று வைத்தால் எட்டு மாரி, அதுவும் கடலுக்கு ஒரு துளியும் கசியாமல் இருந்தால். துளைப் பங்கையும் இறங்கும் பங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு எழுது. கொப்பரிடம் காட்டும்போது மோட்டருக்குக் கொடுத்த காசைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே.

அன்புடன்,
மாமா