வளையல் இறுகினால் கவனியுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்ட பெண்கள் அந்தப் பக்கத்து வளையலைக் கவனித்து வாருங்கள். முழங்கை வரை வழுக்கிப் போகிற வளையல் ஒருநாள் மணிக்கட்டைத் தாண்ட மறுத்தால், நிணநீர் வீக்கம் தொடங்கிவிட்டது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து பல வருஷம் கழித்தும் இது வரலாம்.

ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதன் மெல்லிய குழாய்கள் தாமாகச் சுருங்குவதும், பக்கத்துத் தசைகள் அசைவதும், ஆழ்ந்து மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறுவதும்தான் அதை மேலேற்றிக் கழுத்தடியில் ரத்தத்தோடு சேர்க்கின்றன. வழியில் முடிச்சுகள் இல்லையென்றால், அடைத்த சாக்கடையில் மழைநீர் நிற்பதுபோல் புரதம் கலந்த நீர் தோலுக்கடியில் தங்கிவிடும்.

நம் வீடுகளில் வீக்கம் என்றதும் ஒத்தடம், சூடான தைலம், நீவிவிட ஓர் ஆள். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் தைலத்துக்கா பஞ்சம்? ஆனால் சூடு பட்டால் அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடி, கசியும் நீரும் கூடும். அழுத்தி நீவுவதும் ஆகாது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930களில் பிரான்ஸில் வகுத்த நிணநீர் வடிப்பு முறையில் கை படுவதே தெரியாது. தோலை மட்டும் லேசாக நகர்த்துவார்கள். கழுத்தில் தொடங்குவார்கள், வீங்கிய இடத்துக்குக் கடைசியாகத்தான் வருவார்கள். பார்லிக் கஞ்சியும் கொள்ளுத் தண்ணீரும் குடித்தால் சிறுநீர் போகும். புரதம் இருந்த இடத்திலேயே இருக்கும். நீர் மாத்திரைக்கும் இதே கதைதான்.

அதற்காக நாட்டு வைத்தியம் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். கேரளத்துக் காசர்கோட்டில் டாக்டர் எஸ். ஆர். நரஹரி நடத்தும் தோல்நோய் ஆய்வு நிலையத்தில், நிணநீர் தேங்கிக் கால் வீங்கிய யானைக்கால் நோயாளிகளுக்கு ஆயுர்வேதமும் யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். கூடவே தினமும் காலைக் கழுவித் துடைத்து, அழுத்தக் கட்டும் போடுகிறார்கள். அந்தக் கட்டை மட்டும் விட்டுவிட்டு, மீதியை 'இயற்கை முறை' என்று விற்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

உடற்பயிற்சி விஷயத்தில் மருத்துவர்களே ஒரு தலைமுறைக்காலம் பயந்தார்கள். வீங்கிய கையால் கனமான எதையும் தூக்காதே என்றார்கள். 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற மருத்துவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சீனர்களின் டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. கண்காணிப்போடு, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. தூக்காதவர்களைவிடத் தொல்லையும் குறைவாகவே இருந்தது. நம் சிங்கப்பூரிலும் மார்பகப் புற்றுநோய் அறநிறுவனத்தில் படகோட்டும் பெண்கள் குழு உண்டு. படகு வேண்டாமென்றால் நீச்சல் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நடங்கள். தண்ணீரே சுற்றிலும் அழுத்திக் கொடுக்கும்.

வீக்கம் ஏறாமலிருக்கக் கையில் இறுக்கமாக மாட்டும் அழுத்தக் கையுறையைப் பற்றிப் பலரும் முணுமுணுக்கிறார்கள். இந்தப் புழுக்கத்தில் அது கஷ்டம்தான். இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். காலையில் எழுந்ததும், வேலை தொடங்குமுன் மாட்டிவிடுங்கள். ஆறு மாதம் போனால் இழுவை தளர்ந்துவிடும், அப்புறம் அது வெறும் துணி.

தோல்தான் எனக்குப் பெரிய கவலை. தெறித்த கடுகு, தேக்கா சந்தையில் வாங்கிய மீனின் முள், சொறிந்த கொசுக்கடி, எதுவும் கிருமிக்கு வாசலாகும். வீங்கிய இடம் சிவந்து, சூடேறி, குளிர்காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று படுக்காதீர்கள். அன்றே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேண்டும். கால் வீங்கியவர்களுக்கு விரலிடுக்குச் சேற்றுப்புண்ணே போதும். கோயில் வாசல் குழாயில் கால் அலம்பி ஈரத்தோடு உள்ளே போகிறோம், வெளியே வந்து அப்படியே செருப்பை மாட்டுகிறோம். கைப்பையில் ஒரு சின்னத் துண்டு வையுங்கள், இடுக்குகளைத் துடைத்துவிட்டுச் செருப்பைப் போடுங்கள். பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரை, தீமிதிக்கு நாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கும் ஆசையைக் கால் வீங்கியவர்கள் விட்டுவிடுவது நல்லது. அம்மன் கணக்குப் பார்க்க மாட்டாள்.

எல்லா வீக்கமும் நிணநீரால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு காலும் ஒன்றாக வீங்கினால் இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம், ரத்த அழுத்த மாத்திரையாகவும் இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதை யாரிடமும் நீவக் கொடுக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மற்றபடி, விரலால் அமுக்கினால் குழி விழுகிற, ராத்திரி உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வடிந்துவிடுகிற கட்டத்திலேயே பலதுறை மருந்தகத்துக்குப் போய், நிணநீர் வீக்கம் பார்க்கும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். குழி விழாமல் கெட்டியாகிவிட்டால் உள்ளே நாரும் கொழுப்பும் சேர்ந்துவிட்டன என்று பொருள். அவற்றைக் கரைக்க மூச்சாலும் முடியாது, துடுப்பாலும் முடியாது.