மரஹபா

ஓய்வு பெற்றபின் மிஷனெரி ஊழியமாக தான்சானியாவில், டொடோமா பக்கம் ஒரு சபைப் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனேன். அங்கே வகுப்பு சுவாஹிலியில்தான். 32 வருடம் பாடம் எடுத்த எனக்கு முதல் நாள் பேச ஒரு வார்த்தை கிடையாது.

காலையில் ஒவ்வொரு பிள்ளையும் "ஷிகமோ" என்று சொல்லும். அது பெரியவர்களுக்கான வணக்கம். "மரஹபா" என்று பதில் வரும்வரை நகராமல் நிற்கும். 40 பிள்ளைகள், 40 மரஹபா. நான் படித்த முதல் பாடம் அது.

யாரோடும் பேசாத ஒரு சின்னப் பெண் என் விரல்களைப் பிடித்து "மோஜா, ம்பிலி, டாட்டு" என்று எண்ணக் கற்றுக்கொடுத்தாள். நாலாம் நாள் "ம்வாலிமு" என்று கூப்பிட்டாள். ஆசிரியர் என்று அர்த்தம். முதல் ஜனாதிபதி நியரேரேயையும் நாடே அப்படித்தான் அழைத்தது.

ஊழியத்துக்குப் போகிறவர்களே, முதல் வாரம் பிள்ளைகளிடம் உட்கார்ந்து படியுங்கள். சுவிசேஷம் அப்புறம் சொல்லலாம்.